பெர்மிட் இல்லாத மாமா

அன்பு மகனுக்கு,

முதலில் ஒரு சத்தியம். வலது கையை நெஞ்சிலும் இடது கையைக் கோப்பிக் கோப்பையின் மேலும் வைத்து, முப்பத்து முக்கோடி தேவர்களையும் கிள்ளான் வட்டாரத்தில் வேன் ஓட்டிப் பிழைக்கும் அத்தனை பேரையும் சாட்சிக்கு அழைத்துச் சொல்கிறேன்: நான் இப்போது சொல்லப் போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. நீ நம்ப மாட்டாய். கூடவே இருந்து பார்த்த உன் அம்மாவே பாதியைத்தான் நம்புவாள். குற்றம் கதையில் இல்லை, சொல்கிற வாயில் இருக்கிறது. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று. அப்பன் எழுதும் கடிதம் உறைக்குள் ஒட்டி உன் பினாங்கு விலாசத்துக்கு வர வேண்டியதுதான் முறை. இதை ஊர் படிக்க நாளிதழில் போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

என் வாயைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிள்ளான் ஆற்றில் முதலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீந்தியவன் நான். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கப்பலையே ஒற்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக் கரை சேர்த்தவன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு அந்த முதலையை அப்படியே எழுதி வைத்தாய். வகுப்பே சிரித்தது. பொய் எழுதினாய் என்று வாத்தியார் உன்னை பெஞ்சு மேல் நிற்க வைத்தார். அழுதுகொண்டு வந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தக் கதையையும் பத்து இடத்தில் சொல்லிப் பரப்பினேன். என் கதைக்கு விலை கொடுக்கிறவன் நானாக இருந்ததே இல்லை. அன்றைக்கே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சரி, வேனுக்கு வருகிறேன். அந்த வெள்ளை வேன், இந்திரனுக்கு ஐராவதம் எப்படியோ எனக்கு அப்படி. துறைமுக வேலை போன பிறகு நம்மைக் காப்பாற்றியது அதுதான். காலையில் முதல் நடை தெலுக் பங்லிமா காராங் பேக்டரிகளுக்கு. திரும்பி வந்து இரண்டாவது நடை ஷா ஆலமுக்கு. ஒரு நடை ஆட்களை இன்னொரு நடை ஆட்கள் கண்ணால் பார்த்ததில்லை. மழைக்கு ஜன்னல் ரப்பர் ஒழுகுகிறது என்று நானே பசை வாங்கி எல்லா ஜன்னலையும் நிரந்தரமாக ஒட்டிவிட்டேன். புகைமூட்டக் காலத்தில் ஒரு துளி புகை உள்ளே வராது. ஏர்கோனில் இமயமலை மாதிரி ஜில்லென்று இருக்கும் என்று விளம்பரம் வேறு. ஆட்கள் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். வேனுக்கு எல்லாம் இருந்தது. ஆள் ஏற்றுகிற பெர்மிட் ஒன்றுதான் இல்லை. அதனால் ஏறுகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் எடுப்பேன்: “ரோட்டுல யாராச்சும் மறிச்சிக் கேட்டா, நான் உங்க மாமா. சொந்தத் தாய்மாமன். மாமா சும்மா லிஃப்ட் குடுக்கிறாரு, அவ்ளோதான். புரியுதா?” எல்லோரும் சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்வார்கள். உடன்பிறப்பே இல்லாத எனக்கு இரண்டு நடையிலும் சேர்த்து இருபத்து மூன்று மருமக்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு இருமல் வந்தது. புகைமூட்டம் என்றேன். பிறகு சிகரெட் என்றேன். ஐந்து மாதம் இருமினேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் இருமினால் மலாக்கா நீரிணையில் அலை எழும் என்று வேனில் ஜோக் அடிப்பேன்; மருமக்கள் கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்கள். எடை குறைந்தது. ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம். கிள்ளானில் எந்தக் கிளினிக்கிலும் நம் ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார் என்று பயந்து, தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போய்ச் சளியைக் கொடுத்துப் பார்த்தேன். காசநோய். இதை நீ இப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறாய். ஆமாம் ஐயா, உன் அப்பனுக்கு டிபி.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி, நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரத்தை நீட்டினாள். கூட இருப்பவர்கள் யார், வேலை எங்கே, தினமும் யாரோடு ஒரே அறையில் இருக்கிறீர்கள். மனைவி என்று எழுதினேன். நீ பினாங்கில், அதனால் உன்னை விட்டுவிட்டேன். வேலை: ஓய்வு பெற்றவர். வண்டி: இல்லை. வேனைச் சொன்னால் பெர்மிட்டைக் கேட்பார்கள். கிள்ளானுக்குத் தெரிந்தால் ‘டிபி வீடு’ என்று பெயர் விழும். உனக்குப் பெண் பார்க்கிற நேரம். பாரத்தில் ஒரே ஒரு கோடு காலியாக விட்டேன். இருபத்து மூன்று பேர் அந்தக் கோட்டில் இருந்தார்கள். உன் அம்மாவுக்குப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றுமில்லை. அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் ஆட்களோடு பழகக் கூடாது என்றார்கள். இந்தியாவுக்குக் கோவில் யாத்திரை போகிறேன் என்று அறிவித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில் படுத்துக் கிடந்தேன். நீ லீவு போட்டு வந்து அந்த இரண்டு வாரமும் என் வேனை ஓட்டினாய், நினைவிருக்கிறதா? நான் நெற்றி நிறைய விபூதியோடு திரும்பி வந்து, ஏழு மலை ஏறிய கதையை உனக்குச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய். அதற்குள் உன் கண் வேறு எங்கேயோ இருந்தது.

முதல் நடையில், முன் சீட்டில், என் பக்கத்தில் உட்காரும் பெண் அவள். புவனா. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். நீ ஓட்டிய இரண்டு வாரமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். யாத்திரை போகாத மாமாவால் ஒரு காதல் தொடங்கியது என்று பிறகு எவ்வளவு பெரிய கதை கட்டியிருக்கலாம்! ஆனால் அவள் நெஞ்சுக்குள் அதற்கு முன்பே நான் குடியேறிவிட்டிருந்தேன். அது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஆறு மாத மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டேன். முதல் நாள் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனபோது, எனக்குள் ஒரு சாயப் பட்டறை வைத்துவிட்டார்கள் என்று அலறினேன். மிஸ்ஸி சிரித்தாள். அவள் சொன்ன இன்னொன்றும் நன்றாக நினைவிருக்கிறது. “ரெண்டு வாரம் மருந்து ஒழுங்கா போனா பெரும்பாலும் யாருக்கும் ஒட்டாது அங்கிள். பயப்படாம வீட்டுக்குப் போங்க.” இதைப் படிக்கும்போது நன்றாகக் குறித்துக்கொள். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் இனிச் சொல்லப் போவதைச் செய்தேன்.

மருந்து முடிந்த பிறகு நீ போன் செய்து, “அப்பா, புவனா வீட்டுக்கு ஒருவாட்டி போய்ப் பேசிட்டு வாங்களேன்” என்றாய். போகிறேன் என்றேன். அடுத்த மாதமே அவளுக்கு டிபி என்று தெரிந்தது. என் மனம் அன்றைக்கு வேலை செய்த வேகத்தில் ராக்கெட் கூடப் போகாது. வேனில் ஒருத்திக்கு வந்துவிட்டது. நாளைக்கு யாராவது என் ஐந்து மாத இருமலை ஞாபகப்படுத்தினால்? அதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பதிலுக்கு அவள் பெயரை வைத்தேன். அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நெஞ்சு நோய் என்றேன். ரப்பர் தோட்டத்தில் அவள் தாத்தா வாளி வாளியாக ரத்தம் கக்கினார் என்றேன். அவர்கள் வீட்டு டம்ளரில் ஒருத்தர் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாளே படுத்தார் என்றேன். இருமலை மறைத்துக்கொண்டு நம் நடுவில் உட்கார்ந்து வந்தாள் என்றேன். கல்யாண வீட்டில் சொன்னேன், காய்கறிப் பாசாரில் சொன்னேன், இரண்டாவது நடையிலும் சொன்னேன். ஷா ஆலம் ஆட்கள் அவளை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர்களும் அவளைத் திட்டக் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டுவிட்டு, இனி யாருக்கும் ஒட்டாது என்று கிளினிக் கொடுத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வழக்கமான இடத்தில் நின்றாள். என் வேனைப் பார்த்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. ராணியக்கா, பதினைந்து வருஷமாக என் வண்டியில் வருகிறவள், பின்னாலிருந்து கத்தினாள்.

“அண்ணே, அந்தப் புள்ள நிக்குதுண்ணே! லெட்டர் வச்சிருக்குண்ணே!”

“கிருமிக்கு லெட்டர் படிக்கத் தெரியுமா அக்கா?”

வேன் முழுக்கச் சிரித்தது. ராணியக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், புவனா பையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் நின்றாள். நான்காம் நாள் இல்லை. வேறு வண்டிக்காரர்களும் அவளை ஏற்றவில்லை. பேக்டரி வேலை போயிற்று.

உனக்கும் அதே கதையைத்தான் சொன்னேன். கொஞ்சம் அழகுபடுத்தி. நீ போனில் “சரிப்பா” என்றாய். மகனே, உன்னைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பிலேயே என் முதலையை நம்பி பெஞ்சு மேல் நின்றவன் நீ. உலகத்தில் எவன் என்னை நம்பினாலும் நீ நம்பியிருக்கக் கூடாது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு நான் தரும் புத்திமதி என்று ஏதாவது உண்டென்றால் இது ஒன்றுதான்: ஒருத்தியைப் பற்றி ஊர் சொன்னால், அப்பனே சொன்னால், அவளிடம் போய்க் கேள்.

அதன் பிறகு ராணியக்காவுக்கு வந்தது. ஷா ஆலம் நடையில் இருவருக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் ஊர் புவனாவைத்தான் சொன்னது. நான் தலையை ஆட்டினேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு போன். சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு டாக்டர், நம் தமிழ்ப் பெண். எடுத்த எடுப்பில் கேட்டாள்:

“அங்கிள், உங்களுக்கு எத்தன மருமக்க?”

நேரில் வரச் சொன்னாள். போனேன். மேசையில் ஒரு காகிதம்; ஐந்து வட்டங்கள், நடுவில் சின்னச் சின்னக் கோடுகள். நோயாளிகள் கொடுத்த சளியிலிருந்து வளர்த்த கிருமிகளை ஐஸ் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்களாம். மன்னர்களின் கிரீடத்தைக் கூட இப்படிக் காத்து வைத்திருக்க மாட்டார்கள், என் சளியைக் காத்து வைத்திருக்கிறார்கள்! இப்போது ஆராய்ச்சிக்காக அந்தக் கிருமிகளின் மரபணுவை முதலிலிருந்து கடைசி வரை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்கள்.

“ஒரு கிருமிக்குள்ள நாப்பது லட்சத்துக்கு மேல எழுத்து இருக்கு அங்கிள்” என்றாள். “ஒரு ஆளுகிட்டேர்ந்து இன்னொரு ஆளுக்குப் போறப்ப அப்படியே காப்பி ஆகிப் போகும். ரொம்ப நாளைக்கு ஒருவாட்டி ஒரு எழுத்து மாறும். ரெண்டு பேரு கிருமியில நூறு எழுத்து வித்தியாசம்னா சம்பந்தமே இல்ல. ஒன்னு ரெண்டுதான் வித்தியாசம்னா, ரெண்டு பேரும் கிட்டத்துல ஒரே காத்த மூச்சு விட்டிருக்காங்க. இந்த அஞ்சு பேரும் அப்படித்தான். ஆனா வேற வேற வீடு, வேற வேற பேக்டரி. ஒருத்தர ஒருத்தர் தெரியவே தெரியாதுன்னு சாதிக்கிறாங்க. வேலைக்கு எப்படிப் போனீங்கன்னு திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். நாலு பேரும் ஒரே பதில். ‘மாமா லிஃப்ட் குடுத்தாரு.’ பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க. நாலு குடும்பம், ஒரே மாமாவா? அஞ்சாவது ஆளு நீங்க. பாரத்துல வண்டி இல்லன்னு எழுதியிருக்கீங்க.”

பார்த்தாயா தம்பி? நான் தெருவில் நிற்க வைத்துவிட்டுப் போன பெண் உட்பட, நாலு பேரும் நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை மறக்காமல் ஒப்பித்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். என்னைக் காட்டிக்கொடுத்தது கிருமி ஒன்றுதான். அதற்குத்தான் நான் பாடம் எடுக்கவில்லை.

நான் விட்டேனா? “அப்ப அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து எனக்கு வந்திருக்கலாம்ல டாக்டர்?” என்றேன்.

“எந்தப் பொண்ணு அங்கிள்? நான் ஆம்பளையா பொம்பளையான்னே சொல்லலயே.”

வாயை மூடினேன். பிறந்ததிலிருந்து முதல் முறை.

அவளே மெதுவாகச் சொன்னாள். என் கிருமியின் எழுத்துகள் அப்படியே நாலு பேரிடமும் இருக்கின்றன. அதற்கு மேல் அவரவர்க்குப் புதிதாக ஒன்றிரண்டு. நோய் தெரிந்த வரிசையிலும் நான்தான் முதல். “ஆனா இது மட்டும் போதாது அங்கிள். எவ்வளவு நெருக்கம்னுதான் இது சொல்லும். யாரு யாரு பக்கத்துல எங்க உக்காந்தாங்கன்னு மனுசன்தான் சொல்லணும். இது யாரையும் ஜெயில்ல போட இல்ல லா. அந்த வண்டியில வந்த மத்தவங்களக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணணும். தூங்கிக்கிட்டு இருக்கிற கிருமிக்கும் மருந்து இருக்கு, எழுந்துக்கிறதுக்கு முன்னாடி குடுத்துடலாம்.” எனக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். அது இந்தக் காகிதத்தில் இல்லை என்றாள். அப்போதும் எனக்குக் கைகாட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது, பார்.

அன்று ஒரு பெயரும் கொடுக்காமல் வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் இழுத்தடித்தேன். உன் அம்மா சோற்றுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“நீங்க குடுக்கிறீங்களா, நான் குடுக்கட்டுமா? இருபத்தி மூணு பேரும் எங்க ஏறுவாங்க, எங்க இறங்குவாங்கன்னு எனக்கும் தெரியும். அந்தப் பொண்ண நெனச்சா எனக்கு ரெண்டு வருசமா சோறு எறங்கல. நீங்க மட்டும் ரெண்டாவது தடவ போட்டுச் சாப்பிடுறீங்க.”

மறுநாள் இருபத்து மூன்று பெயரும் கொடுத்தேன். இரண்டு நடைக்கும் சீட்டுப் படம் வரைந்து கொடுத்தேன். படத்தைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: முன் சீட்டுக்காரர் எப்போதாவது இரண்டாவது நடையில் ஏறியதுண்டா? இல்லை. இரண்டு நடையிலும் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவன். எல்லோரையும் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். சிலருக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். நான் அந்தக் கோட்டைக் காலியாக விடாமல் இருந்திருந்தால் மூன்று வருஷத்துக்கு முன்பே இது நடந்திருக்கும். வேனை இரும்புக் கடைக்குப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புவனா வீட்டுக்குப் போனேன். நீ என்னைப் போகச் சொன்னதற்கு இரண்டு வருஷம் கழித்து. இப்போது நடந்து போகிற தூரத்தில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள். இளைத்திருந்தாள்; நோய் எப்போதோ குணமாகிவிட்டது. அவள் அம்மா பிளாஸ்டிக் கோப்பையில் கோப்பி கொண்டுவந்து வைத்தார். “தப்பா நெனைக்காதீங்க. யாரு வந்தாலும் இப்ப இதுதான். டம்ளர்ல குடுத்தா யாரும் குடிக்கிறதில்ல” என்றார். குத்திக் காட்டவில்லை, சும்மா வீட்டு வழக்கத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். நான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், “அம்மா புவனா, ஏழு ஜென்மத்துப் பாவத்தையும் ஒரு மூட்டையாக் கட்டித் தலையில தூக்கிக்கிட்டு வந்திருக்கேன்” என்று ஆரம்பித்தேன்.

“கத மாதிரி சொல்லாதீங்க அங்கிள். நேரா சொல்லுங்க.”

சொன்னேன். நேராகச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அழவில்லை, திட்டவில்லை. என்னைப் பற்றி என்னவெல்லாம் சொன்னீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றாள். மூன்று தலைமுறை, வாளி, டம்ளர் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். கேட்டு முடித்து, “யாருகிட்டல்லாம் சொன்னீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காது. அதனால பேப்பர்ல போடுங்க. என் பேரயும் போடுங்க, மறச்சது போதும்” என்றாள். பினாங்கில் இருக்கும் உனக்கு ஏதாவது சொல்லியனுப்ப வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். “கல்யாணம்னு கேள்விப்பட்டேன். நல்லா இருக்கட்டும். இங்க வரச் சொல்லிடாதீங்க. ஒரு வாட்டி போன் பண்ணிக் கேட்டிருக்கலாம், அத மட்டும் சொல்லுங்க.” சொல்லிவிட்டேன்.

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நான் கேட்கவில்லை, கேட்டால் அதையும் ஒரு கதையாக்கிக்கொண்டு போவேன் என்று எனக்கே பயம். எழுந்து செருப்பைப் போடும்போது வாசல் வரை வந்தாள். நான் ஒப்பித்ததில் ஒன்று மட்டும் பொய் இல்லை என்றாள். மூன்று வாரம் இருமலை மறைத்தது நிஜம்தானாம். வேனில் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு, வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருமியிருக்கிறாள். அந்த மூன்று வாரத்தில்தான் ராணியக்காவுக்கு ஒட்டியதோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

“ஏம்மா மறச்ச?”

“நீங்க அந்த மாசம் பொண்ணு கேட்டு வரதா அவர் சொன்னாரு அங்கிள். எனக்கு டிபின்னு தெரிஞ்சா வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்திச்சு.”

ஆகவே கிள்ளான், ஷா ஆலம், தெலுக் பங்லிமா காராங் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இதன் மூலம் அறிவிப்பது: புவனாவைப் பற்றி நான் சொன்ன அத்தனையும் பொய். அவள் இருமலை மறைத்தாள் என்பது மட்டும் உண்மை. எனக்குப் பயந்து மறைத்தாள்.

உன் அப்பா